மேற்கு முனைக் கிணறு

சென்ற மாதம் பழைய அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. கணினிக் காட்சியில் விமான நிலையங்களின் தரை உயரத்தைக் கையால் திருத்தும் வேலையை நிறுவனம் நிறுத்திவிட்டதாம். இனி அதைக் கணினி தானே பார்த்துக்கொள்ளுமாம். "ஐயா, நீங்கள் இருக்கேக்கை அதை எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு நாலு பக்கம் எழுதித் தாங்கோ. கோப்பில போட்டு வைப்பம்" என்றாள் இப்போது அங்கே பொறுப்பாக இருக்கும் பிள்ளை. ஓம் என்றேன். நாலு பக்கத்தையும் ஒரே நாளில் எழுதி முடித்தேன். வாசித்துப் பார்த்தபோது செய்முறை எல்லாம் சரியாக இருந்தது. நடந்தது ஒன்றும் அதில் இல்லை. அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் இருபத்தாறு வருடம் நில அளவைக் கந்தோரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், மட்டம் எடுத்தவன். உயரம் தெரிந்த ஓர் இடத்தில் தொடங்கி, அளவுக்கோலையும் மட்டக்கருவியையும் மாறி மாறி நகர்த்தி, போகிற வழியெல்லாம் நிலம் கடலிலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதிக்கொண்டு போவது எங்கள் தொழில். இடைக்கிடை அசையாத ஒரு பொருளில் அம்புக்குறி வெட்டி, அதன் உயரத்தைப் பதிந்து வைப்போம். மதகு, கோயில் படி, கிணற்றுக்கட்டு, எது வசதியோ அது. எங்கள் வடக்குக் குடாநாடு தட்டை. இரண்டு மீற்றர் எழும்பினாலே அதை மேடு என்று பெயர் வைத்துக் கூப்பிடுகிற சனம் நாங்கள்.

கந்தோர்ப் புத்தகம் கந்தோருக்குப் போகும். பின்னேரம் வீட்டுக்கு வந்து அன்றைய எண்களைத் திகதியோடு என் சொந்தக் கொப்பியிலும் எழுதுவேன். எவரும் கேட்டு எழுதவில்லை. அது என் குணம். சண்டைக் காலத்தில் கந்தோர் இடம் இடமாக மாறியபோது பல புத்தகங்கள் போய்விட்டன. என் பதினான்கு கொப்பிகளும் ஒரு தகரப் பெட்டிக்குள் நான் போன இடமெல்லாம் வந்தன. அந்தக் கொப்பிகளைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

ஓய்வு பெற்று எட்டு மாதத்தில் யேசுதாசன் என்னைத் தேடி வந்தார். குருநகரில் கடல்தொழில் செய்த குடும்பம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, நெல்லியடிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் நான்கு கணினிகளோடு சிமுலேற்றர் வேலைக்கு அலுவலகம் திறந்திருந்தார். என்னைவிடப் பதினாறு வயது இளையவர், ஆனால் மேலதிகாரி. அவர் என்னை அண்ணை என்பார், நான் அவரைத் தம்பி என்பேன், வேலை விஷயத்தில் மட்டும் அவர் சொன்னதுதான் சட்டம்.

சிமுலேற்றர் என்பது கணினியில் விமானம் ஓட்டுவது. பழகுவதற்கும் ஓட்டுவார்கள், ஆசைக்கும் ஓட்டுவார்கள். அதற்குள் உலகம் முழுவதும் இருக்கிறது. நிலத்தின் ஏற்ற இறக்கத்தை விண்ணில் சுற்றும் செய்மதிகள் அளந்து தந்திருக்கின்றன. ஓடுதளமும் கட்டடங்களும் வேறு தரவிலிருந்து வந்து அதன்மேல் உட்காரும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் விமான நிலையம் குழிக்குள் கிடக்கும், அல்லது மேசைபோல உயர்ந்து நிற்கும். இறங்க வருகிற விமானம் ஓடுதளத்துக்கு முன்னால் உள்ள சுவரில் மோதும். அதைச் சரிசெய்வதுதான் எங்கள் வேலை.

செய்முறை எளிது, பொறுமை வேண்டும். முதலில் விமான நிலையத்தின் எல்லையைச் சுற்றி ஒரு கோடு கீறுவோம். அந்தக் கோட்டுக்குள் நிலத்தை எந்த உயரத்தில் தட்டையாக்குவது என்று தீர்மானிக்க வேண்டும். அதற்கு ஓடுதளத்தின் இரண்டு முனைகளின் உயரம், நடு உயரம், சுற்றியுள்ள இயற்கை நிலத்தின் உயரம் நான்கையும் தனித்தனி இடங்களிலிருந்து எடுப்போம். ஒன்றோடொன்று ஒத்துவராவிட்டால் எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்கும்வரை எதையும் அசைக்கக்கூடாது. செய்மதிக்குப் பனந்தோப்பின் உச்சியும் தரைதான். அதன் பேச்சைக் கேட்டால் தோப்பு நிற்கிற இடமெல்லாம் மலையாகிவிடும்.

முதல் மாதமே எனக்கு வந்தது தெற்கே ஒரு தீவின் விமான நிலையம். ஓடுதளம் ஏறத்தாழ நூறு மீற்றர் பள்ளத்துக்குள் கிடந்தது. சுற்றிவரக் கடல் சுவர்போல நின்றது. அங்கே பிழை செய்தவர் செய்மதி தந்த உயரத்தை அப்படியே போட்டிருந்தார். செய்மதி பூமியை வழுவழுப்பான ஓர் உருண்டையாக நினைத்து அளக்கிறது. உண்மையான கடல் அந்த உருண்டைக்கு எல்லா இடத்திலும் ஒட்டி நிற்பதில்லை. இலங்கையைச் சுற்றியுள்ள கடல்தான் உலகத்திலேயே மிகவும் தாழ்ந்து கிடக்கிறது, கிட்டத்தட்ட நூறு மீற்றர். இதை நான் கந்தோரில் இருந்தபோதே வாசித்திருந்தேன். அரை மணித்தியாலத்தில் திருத்திக் கொடுத்தேன்.

"எங்கடை அப்பு ஆட்கள் ஈயக்குண்டைக் கயித்தில கட்டி விட்டு ஆழம் பாக்கிறவை" என்றார் யேசுதாசன். "அவைக்கு இதைச் சொன்னா சிரிப்பினம். கடலுக்கே பள்ளமோ எண்டு."

"உண்மைதானே, தம்பி."

"உண்மைதான். எங்கடை ராசியைப் பாருங்கோ, உலகத்துப் பள்ளத்துக்கை எங்களைக் கொண்டந்து வைச்சிருக்கு."

அவருடைய மேற்பார்வையைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். என் வாழ்க்கையில் பல மேலதிகாரிகளைக் கண்டிருக்கிறேன். திரையில் விரல் வைத்துப் பிழை காட்டாத ஒரே ஆள் இவர். கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்று நெடுநேரம் பார்ப்பார். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் கீழே இறங்கித் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது பிழையை நாங்களே கண்டுபிடித்திருப்போம். ஒருநாள் காரணம் கேட்டேன். "நான் விரல் வைச்சா நீங்கள் விரலைத்தான் பாப்பியள், அண்ணை" என்றார்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

எங்கள் வடக்குக் கரையில் உள்ள விமான நிலையத்துக்குப் பயணிகள் விமானம் வரத் தொடங்கிய பிறகு, அதன் காட்சியைத் திருத்தித் தரும்படி வெளிநாட்டிலிருந்து எங்களுக்கு வேலை வந்தது. ஓடுதளத்தின் மேற்கு முனையில் ஒரு திமில் இருந்தது. விமானம் அதில் ஏறி விழுந்தது. ஓடுதளத்துக்குக் குறுக்கே ஒரு மேடு போவதாகத் தரைத்தரவு சொன்னதுதான் காரணம்.

அந்த மேட்டை எனக்குத் தெரியும். ஓடுதளம் நீளமாக்கப்படுவதற்கு முன்னர் அங்கே வீடுகளும் குறுகிய ஒழுங்கைகளும் தோட்டங்களும் இருந்தன. என் மூன்றாவது கொப்பியில், ஒரு பங்குனி மாதத்தில், ஐந்து நாள் அந்த ஒழுங்கைகளில் மட்டம் எடுத்திருக்கிறேன். மேட்டின் உச்சியில் ஒரு கிணற்றுக்கட்டில் குறி வெட்டினோம். வீட்டுக்கார ஐயா வேலியால் எட்டிப் பார்த்துக் கத்தினார். "கட்டில வெட்டினா தண்ணி வத்திப்போமடா!" பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த அவர் மகள் உள்ளேயிருந்து வந்து சொன்னாள். "அப்பா, அவை வெட்டினது கல்லை. தண்ணிக்குக் காயம் வராது." எங்களுக்கு வாளியால் அள்ளிக் குடிக்கத் தந்தாள். கொப்பியில் 'ஞானேஸ்வரி ரீச்சர் வீட்டுக் கிணறு' என்று எழுதி உயரத்தைப் போட்டிருந்தேன்.

சில வருடத்தில் அந்தச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தது. நிலம் இராணுவத்தின் வேலிக்குள் போனது.

கொப்பியையும் பழைய கந்தோர் வரைபடத் தாளையும் வைத்து அந்தக் கிணற்றைக் கணினிக்குள் குறித்தேன். ஓடுதளத்தின் மேற்கு முனைக்கு அப்பால், நூற்றைம்பது மீற்றர் தள்ளி, புல்வெளிக்குள் விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். அந்த ஊர்க் காணிகளைத் துண்டு துண்டாக விடுவித்துக்கொண்டிருந்த காலம் அது. ஓடுதளத்துக்கு வெளியே இருந்தால் என்றைக்கோ ஒருநாள் கிடைக்கும். விசாரித்ததில் ரீச்சர் சண்டிலிப்பாயில் வாடகை வீட்டில் இருப்பதாகத் தெரிந்தது. புரட்டாதி கடைசியில், ஒரு சனிக்கிழமை, போனேன்.

"ஆர்?"

"மட்டம் எடுத்த சிவஞானம், ரீச்சர். முந்தி உங்கடை கிணத்துக்கட்டில..."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அட, எங்கடை கட்டை வெட்டின பொடியன்! தலையில ஒரு மயிரும் இல்லை. அதையும் மட்டமா வெட்டிப்போட்டியளோ?"

ரீச்சருக்கு எழுபத்தைந்து வயது. கணவர் இல்லை. மகன் கனடாவில். அவன் அனுப்பிய செய்மதிப் படம் ஒன்றை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார். ஒழுங்கை இல்லை, கோயில் இல்லை. பச்சையும் கறுப்பும் மட்டும். எது எங்கே என்று எவராலும் சொல்ல முடியாது.

அவருக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பழைய காணிக்குப் பதிலாக வேறோர் இடத்தில் காணி தருவதாகக் கடிதம் வந்திருந்தது. தங்கச்சியின் காணிக்குப் பக்கத்துக் காணி. எடுத்தால் பழைய காணியை மறந்துவிட வேண்டும். ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை, மாற்றுக் காணி எடுப்பவர்களின் பட்டியலைப் பூட்டுவார்கள், அதற்குப் பிறகு மனம் மாற முடியாது. கந்தோர்களில் கேட்டால் இன்னும் அளக்கவில்லை என்றே பதில் சொன்னார்களாம்.

"எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. கிணறு தாருக்குள்ளயோ, புல்லுக்குள்ளயோ?"

"புல்லுக்குள்ள."

"நிச்சயமோ?"

"நானே அளந்தது, ரீச்சர்."

அவர் எழுந்து போய் அந்தக் கடிதத்தை எடுத்து நான்காக மடித்து அலுமாரிக்குள் வைத்தார். "அப்ப நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்றார். அடுத்த கிழமை மாற்றுக் காணி வேண்டாமென்று கந்தோரில் சொல்லிவிட்டார்.

யேசுதாசனிடம் ரீச்சர் வீட்டுக் கிணற்றின் கதையைச் சொல்லிவிட்டு அலுவலகத்தில் வேலையைத் தொடர்ந்தேன். என் கொப்பியின்படி மேடு ஓடுதளத்துக்கு வெளியே மேற்கில் இருக்க வேண்டும். தரைத்தரவோ அதை ஓடுதளத்தின் மேலேயே காட்டியது. தரவுதான் பொய் என்று முடிவு செய்து, மேட்டைப் பெயர்த்து மேற்கே தள்ளி வைக்கும் திருத்தத்தைத் தயாரித்தேன். ஐப்பசி கடைசிப் புதன் காலை யேசுதாசனிடம் காட்டினேன். வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூட நேரம் நின்றார்.

"அண்ணை, உதில ரெண்டு மேடு இருக்கோ, இல்லாட்டி ஒரு மேடு ரெண்டு இடத்தில நிக்குதோ?"

கேட்டுவிட்டுப் படியில் இறங்கிப் போனார்.

நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. பழைய வரைபடத் தாளை விரித்தேன். அதில் பருத்தித்துறை வெளிச்சவீடு இருந்தது. அதன் இடத்தைத் தாளிலிருந்து எடுத்துக் கணினியில் போட்டேன். திரையில் தெரிந்த உண்மையான வெளிச்சவீட்டுக்கு மேற்கே, இருநூறு மீற்றருக்கும் மேல் தள்ளி விழுந்தது. வெளிச்சவீடு நகராது.

அந்தத் தாளைக் கீறியவர்கள் பூமியை வேறோர் அளவில் எடுத்துக் கீறியவர்கள். அந்தக் காலத்து ஆள்கூறுகளை, இடத்தைச் சொல்லும் எண்களை, இந்தக் காலத்துக் கணினிக்குள் போடும்போது நகர்த்த வேண்டும். வேறு நாடுகளின் விமான நிலையங்கள் எல்லாம் புதிய அளவிலேயே எனக்கு வந்தன. நகர்த்த வேண்டிய தேவை வரவில்லை. என் தொழில் உயரம். உயரத்தில் கடலின் பள்ளத்தைக்கூட மறக்காதவன், பக்கவாட்டில் மறந்துபோனேன். ஊர் ஊராக வந்த தரவை எல்லாம் சந்தேகித்தேன். என் கையெழுத்தைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் கிழக்கே நகர்த்தினேன். என் மேடு தரவின் மேட்டுக்கு மேல் அப்படியே போய் அமர்ந்தது. அந்தத் தரவு, ஓடுதளம் நீளமாக்கப்படுவதற்கு முன்னர் அளந்தது. கிணறு ஓடுதளத்தின் தாருக்குள் போனது. முனையிலிருந்து எண்பது மீற்றர் உள்ளே, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில்.

யேசுதாசன் திரும்பி வந்து பார்த்தார்.

"வேலை சரி" என்றார். பிறகு, "ரீச்சருக்குப் புல்லெண்டு சொல்லிப்போட்டியள், என்ன?"

"ஓம்."

"நானும் கூட வரட்டோ?"

"வேண்டாம், தம்பி."

"ஆழம் பிழையாச் சொன்னவன்தான் திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வேணும் எண்டு எங்கடை அப்பு சொல்லுவார். வேற ஆள் சொன்னா ஒருத்தரும் நம்பாயினம். இண்டைக்கே போட்டு வாங்கோ."

அன்றைக்குப் போகவில்லை. இன்னும் இரண்டு இடங்களை வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொன்னேன். வியாழன் ஒரு கோயில் கோபுரத்தையும் ஒரு பாலத்தையும் வைத்துப் பார்த்தேன். ஒத்துவந்தது. வெள்ளிக்கிழமை ஒரு மடையை வைத்துப் பார்த்தேன். அதுவும் ஒத்துவந்தது. அந்த மூன்று நாளும் நாட்குறிப்பில் 'சரிபார்த்தேன்' என்று எழுதியிருக்கிறேன். பயந்தேன் என்று எழுதியிருக்க வேண்டும். பட்டியல் எந்த நாள் பூட்டப்படும் என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களின் திகதிகளையும் மறக்காதவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ரீச்சர் மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். நான் பிழையாகச் சொன்னேன், கிணறு தாருக்குள் என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தார். "எவ்வளவு ஆழத்தில?"

அந்தக் கேள்விக்கும் என்னிடம் கணக்கு இருந்தது. "ஆழத்தில இல்லை, ரீச்சர். ஓடுதளம் உங்கடை கட்டைவிட ஒண்டரை மீற்றர் பதிஞ்சு கிடக்கு. மேட்டை வெட்டித்தான் போட்டிருக்கினம். கட்டு இருந்த இடத்தில இப்ப காத்துத்தான்."

"அப்ப கட்டும் இல்லை."

"இல்லை."

நறுக்கிய துண்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். பிறகு பரீட்சைத் தாளில் திகதி கேட்பதுபோலக் கேட்டார். "உங்களுக்கு இது எப்ப தெரியும்?"

"புதன்கிழமை."

"லிஸ்ற் வெள்ளிக்கிழமை பின்னேரம் பூட்டினவை."

"ஓம்."

"புதன் பின்னேரம் வந்திருந்தா, வியாழன் காலமை முதல் பஸ்ஸில நான் போயிருப்பன்."

சொல்ல இருந்தது 'சரிபார்த்தேன்' என்ற ஒரு சொல்தான்.

"பிழை ஆருக்கும் வரும்" என்றார். "நான் நாப்பது வருஷம் பிழை திருத்தினவள். எனக்கு அது பெரிசில்லை. அந்த ரெண்டு நாள்தான்..." கத்தியை எடுத்துப் பயற்றங்காயை மறுபடி நறுக்கத் தொடங்கினார். நான் போகலாம் என்று அதற்கு அர்த்தம்.

கிணற்றின் இடத்தையும் உயரத்தையும், நான் செய்த பிழையையும், அது தெரியவந்த நாளையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ரீச்சருக்கு அனுப்பினேன். அதைக் கொண்டுபோய் அவர் கந்தோரில் கொடுத்தார். பட்டியல் பூட்டியாயிற்று, அடுத்த முறை பார்ப்போம் என்றார்களாம். தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்துக் காணி வேறொருவருக்குப் போனது. அடுத்த முறை இன்னும் வரவில்லை. ரீச்சர் அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறார்.

மாசி மாதத்தில் ஒருநாள் முற்பகல் அலுவலகப் படியில் யாரோ மெதுவாக ஏறி வரும் சத்தம். ரீச்சர். சண்டிலிப்பாயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். யேசுதாசன் எழும்பித் தன் கதிரையைக் கொடுத்தார்.

"எனக்கு ஒருக்கா அந்த இடத்தைக் காட்டுவியளோ?" என்று கேட்டார். "மேலயிருந்து வேண்டாம். நிலத்தில நிண்டு பாக்கிறமாதிரி."

சிறிய விமானம் ஒன்றை ஓடுதளத்தின் மேற்கு முனையில் வைத்தேன். நடக்கிற வேகத்தில் உருட்டினேன். எண்பது மீற்றர். பிறேக்கைப் பிடித்தேன்.

"இதிலயோ?"

"இதில."

"வடக்கே திருப்புங்கோ."

திருப்பினேன். புல், வேலி, அதற்கு அப்பால் கடல்.

"கடல் இவ்வளவு கிட்டவோ? முந்தி பனை மறைச்சு நிண்டது." பிறகு தெற்கே திருப்பச் சொன்னார். மேற்கே திருப்பச் சொன்னார். திரையைத் தொடாமல் காற்றில் கையால் காட்டினார். "அந்தப் பக்கம் சமைக்கிற குசினி. இதில கிணத்துத் துலா. அப்பாவின்ரை சாய்மனைக் கதிரை உதில." அவர் காட்டிய எல்லா இடத்திலும் ஒரே தார். நாங்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். யேசுதாசன் கீழே போகாமல் நின்றார்.

"கொஞ்ச நேரம் இப்பிடியே நிக்கலாமோ?"

"நிக்கலாம், ரீச்சர்."

கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கீழே புடவைக்கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் கேட்டது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் என்று என் நாட்குறிப்பில் இல்லை.

கடைசியில் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழும்பினார்.

"சரி, எடுங்கோ. வாற பிளேன் இறங்க இடம் வேணுமே."

அதில் வேறு விமானம் எதுவும் வராது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பிறேக்கை விட்டேன்.